ஒரு சுற்றுக்கு மூன்று லிட்டர்

திருவண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் கார்த்திகை தீபக் கணக்கு மனப்பாடமாக வரும். மலை 2,668 அடி. கொப்பரைக்கு 3,500 கிலோவுக்குக் குறையாத நெய். திரிக்கு 1,000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணி. ஏற்றுவது பர்வத ராஜகுலத்தார், எரிவது 11 நாள். ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். பூ கட்டுகிற அம்மாவிலிருந்து ஆட்டோ ஓட்டுகிற தம்பி வரை ஒரு எண்கூடத் தப்பாமல் சொல்வார்கள்.

அந்த 14 கிலோமீட்டரில், இரவு இரண்டு மணிக்கு, பெண்களுக்குத் திறந்திருக்கும் கழிப்பறை எத்தனை என்று கேட்டேன். "அதோ அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கும்மா, அப்புறம் கொஞ்ச தூரம் போனா இன்னொண்ணு" என்று கை நீட்டினார்கள். நான் கேட்டவர்களில் எண் சொன்னவர் ஒருவரும் இல்லை. நெய்க்கும் திரிக்கும் கணக்கு வைத்திருக்கும் ஊர், நடந்து வருகிற உடம்புக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அந்தக் கணக்கை என்னால் முடிந்த வரை போட்டிருக்கிறேன்.

தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் சுற்றுலாக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி தந்த கொள்கை அது. அதில் ஆன்மிகச் சுற்றுலா ஒரு தலைப்பு, மருத்துவ நலச் சுற்றுலா இன்னொரு தலைப்பு. திருவண்ணாமலையில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. சாமி கும்பிட வருகிறவர் 14 கிலோமீட்டர் நடக்கிறார். அந்த நடை அவருக்கு மருந்தாகவும் ஆகலாம், நோயாகவும் முடியலாம். குடிக்கிற தண்ணீர், ஒதுங்க இடம், வாங்கிச் சாப்பிடுகிற சோறு, பாதத்துக்குக் கீழே உள்ள தரை, பக்கத்தில் நடப்பவருக்கும் நமக்கும் உள்ள இடைவெளி: இந்த ஐந்தைப் பொறுத்தது அது. ஐந்தையும் அளக்கலாம்.

முதலில் ஒரே ஒரு ஆள். மக்கள் நல்வாழ்வுத் துறை 2023 நவம்பர் 4ஆம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் நடைபாதை தொடங்கியது. ஒவ்வொன்றும் 8 கிலோமீட்டர். 8 கிலோமீட்டர் நடந்தால் 10,000 காலடி என்று அப்போது சொன்னார்கள். அதே கணக்கில் கிரிவலம் 17,500 காலடி. பெண்களும் வயதானவர்களும் எட்டு வைப்பது சின்னதாக இருக்கும், அவர்களுக்கு 20,000 தாண்டும். மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் மூன்றரை மணி நேரம், அதாவது 210 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வயது வந்த ஒருவரிடம் ஒரு வாரத்துக்குக் கேட்பதே குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்புதான். ஒரே இரவில் வாரக் கடன் தீர்ந்து, மேலே ஒரு மணி நேரம் வரவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 600 கலோரி செலவாகும். நுழைவுச் சீட்டு இல்லை, கருவி இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாம். ஏழையும் பணக்காரரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல நலச் சுற்றுலா தமிழ்நாட்டில் இல்லை.

வேகமாகச் சுற்றக் கூடாது, நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல நிதானமாகச் சுற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். 1896 செப்டம்பர் 1இல் இந்த ஊருக்கு வந்து 1950இல் மறையும் வரை மலையை விட்டு நீங்காத ரமணரும் அவசரமில்லாமல் அங்கங்கே இருந்து இளைப்பாறித்தான் சுற்றினார். அந்த நிதானத்தைச் சேர்த்து, இனி வரும் கணக்குக்கெல்லாம் ஒரு சுற்றுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான்கு மணி நேரம் நடந்தால் வியர்க்கும். பேரிடர் முகாம்களுக்காக உலகம் முழுக்கப் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, ஒரு ஆளுக்குக் குடிக்கவும் உணவுக்குமாக ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் என்கிறது. ஊருக்கு வந்து சுற்றி முடித்துத் திரும்பும் வரை மூன்று லிட்டர் என்பது கூடுதல் இல்லை. ஆனால் அந்த மூன்று லிட்டர் பாதையில் கிடைத்தால் மட்டும் போதுமா?

ஒரு சித்ரா பௌர்ணமிக்கு என் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அறுபத்து மூன்று வயது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு, நடையில் மட்டும் என்னை முந்திவிடுவார். இந்திர லிங்கத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு நடந்தோம். அக்கினி லிங்கம் தாண்டியதும் ஒரு பந்தலில் நீர்மோர் கொடுத்தார்கள். பெரியம்மா கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். யம லிங்கத்துப் பக்கம் பானகம். அதுவும் வேண்டாம். நிருதி லிங்கம் கடந்தபோது முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். நாக்கு நனைகிற அளவுக்கு ஊற்றிக்கொண்டு மூடிக் கொடுத்தார்.

"நல்லாக் குடிங்க பெரியம்மா, இப்படி வேர்த்துக் கொட்டுதே."

"வேணாம் கண்ணு. குடிச்சுட்டு எங்க போய் ஒதுங்கறது? சுத்தி முடிச்சு வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."

குபேர லிங்கத்தை நெருங்கும்போது ஒரு நடமாடும் கழிப்பறை வண்டி நின்றது. எட்டுக் கதவு. இரண்டில் பூட்டு, ஒன்றில் தண்ணீர் வரவில்லை என்று உள்ளே போனவர் வெளியே வந்து சொன்னார். வரிசையில் நாற்பது பேருக்கு மேல். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் தடி ஊன்றிய பாட்டி. பெரியம்மா அந்த வரிசையை ஒரு முறை பார்த்தார், பேசாமல் நடந்தார். மறுநாள் காலை நீர்க்கடுப்பு. சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர், ஐந்து நாளைக்கு மாத்திரை. கட்டணம், பரிசோதனை, மாத்திரை எல்லாம் சேர்த்து 940 ரூபாய். நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அர்ச்சனைக்கும் கொடுத்தது அவ்வளவு வரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பந்தல் எத்தனை போட்டாலும், ஒதுங்க இடமில்லாத பாதையில் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தண்ணீர் ஒரு பட்டியலிலும் கழிப்பறை வேறொரு பட்டியலிலும் இருக்கிற வரை இரண்டு பட்டியலும் தப்பு.

சரி, எத்தனை வேண்டும்? பாதையில் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேர் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பாதி பெண்கள், 50,000. நான்கு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை போகிறார்கள். புடவை, கைப்பை, கூட வந்த பிள்ளை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மூன்று நிமிடம். ஒரு அறை மணிக்கு 20 பேருக்கு, நான்கு மணி நேரத்தில் 80 பேருக்கு உதவும். 50,000ஐ 80ஆல் வகுத்தால் 625 அறை. கிலோமீட்டருக்கு 45. பொது இடக் கழிப்பறைக்குத் தூய்மை இந்தியா இயக்கம் வைத்திருக்கும் அளவுகோலும் பெரிய கூட்டத்தில் 100 பெண்ணுக்கு ஒன்று என்ற அளவில்தான் நிற்கிறது. அதன்படி பார்த்தாலும் 500. ஆண்களுக்கு ஒரு நிமிடம் போதும், சுவர்க் கழிப்பிடம் போதும், செலவும் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி என்று கட்டுவது நியாயம்போலத் தெரிந்தாலும் நியாயமில்லை. ஸ்பியர் கையேடு ஆணுக்கு ஒன்று என்றால் பெண்ணுக்கு மூன்று என்கிறது.

இப்போது தீபத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருவண்ணாமலை நகராட்சியில் இருந்தவர்கள் 1,45,278 பேர். 2024இல் அது மாநகராட்சி ஆனது. கார்த்திகை தீபத்துக்கு 35 முதல் 40 லட்சம் பேர் வருவார்கள் என்பதுதான் அண்மை ஆண்டுகளில் நிர்வாகம் எதிர்பார்க்கும் எண்ணிக்கை. சின்ன எண்ணையே, 35 லட்சத்தையே, எடுத்துக்கொள்கிறேன். 2011 கணக்கில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு 24 விருந்தாளி. வீட்டில் நாலு பேர் இருந்தால் 96 பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த 35 லட்சமும் இரண்டு நாளில் சுற்றினால் ஒரு நாளைக்கு 17.5 லட்சம். நான்கு மணி நேரச் சுற்று என்றால் நாளைக்கு ஆறு சுற்று. எல்லா நேரமும் ஒரே சீராக வந்தாலும் பாதையில் எப்போதும் 2,91,667 பேர். பெண்களுக்கு மட்டும் 1,823 கழிப்பறை, கிலோமீட்டருக்கு 130. படிக்கிறவருக்கு இது நடக்காத காரியமாகத் தோன்றலாம். பிரயாக்ராஜில் 2019 கும்பமேளாவுக்கு 1,22,500 கழிப்பறை போட்டார்கள். 2025 மகா கும்பமேளாவுக்கு ஒன்றரை லட்சம். ஆற்று மணலில், மேளா முடிந்ததும் பிரித்தெடுக்கும்படி.

பணம்? தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில் பொதுக் கழிப்பறைக்கு ஒரு அறைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்று கணக்கிடுகிறார்கள். 1,823 அறைக்கு 27 கோடியே 34 லட்சம். இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறேன். 35 லட்சம் பேரும் ஆளுக்கு ஒரே ஒரு லிட்டர் பாட்டில் 20 ரூபாய்க்கு வாங்கினால் 7 கோடி ரூபாய். நான்கு தீபத்துக்குத் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுத்த காசில் அத்தனை கழிப்பறையும் கட்டி முடிக்கலாம். வருகிறவர்கள் ஏற்கெனவே செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் காசு பாட்டிலாகப் போகிறது, கதவாக மாறவில்லை.

காலி பாட்டிலின் எடை 20 கிராம் என்றால் 35 லட்சம் பாட்டில் 70,000 கிலோ. 70 டன் நெகிழி, ஒரே மலையைச் சுற்றி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை நெகிழிக்குத் தடை. தண்ணீர் பாக்கெட் அந்தப் பட்டியலில் உண்டு, பாட்டில் இல்லை. 2021 டிசம்பர் 23இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. தீபத் திருவிழாவுக்குத் துணிப்பையோடு வருகிறவர்களுக்குக் குலுக்கல் போட்டுத் தங்க, வெள்ளி நாணயம் கொடுத்த ஊர் இது. சொம்பும் எவர்சில்வர் பாட்டிலும் கொண்டு வருகிறவருக்கும் அந்தக் குலுக்கலில் இடம் தரலாம். ஆனால் கொண்டுவந்த பாட்டிலை நிரப்பக் குழாய் வேண்டும்.

35 லட்சம் பேருக்கு மூன்று லிட்டர் வீதம் 1 கோடியே 5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 875 லோடு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு அளவு. அப்படிப் பார்த்தால் 1,45,278 பேருக்கு ஒரு நாள் முழுத் தேவை 1 கோடியே 96 லட்சம் லிட்டர். வந்தவர்கள் குடிக்க மட்டுமே, குளிக்கவும் கழுவவும் இல்லாமல், ஊரின் ஒரு நாள் தண்ணீரில் பாதிக்கு மேல் போய்விடும். ஊருக்குத் தண்ணீர் தருவதில் சாத்தனூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1958இல் தென்பெண்ணையில் கட்டி முடித்த அணை. அந்தத் தண்ணீரை அங்கிருந்து கொண்டுவருவதுதான் பெரிய வேலை. கொண்டுவந்த பிறகு அதைச் சுத்தமாக வைத்திருப்பது சின்ன வேலை. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீந்திருக்க வேண்டும். 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கு 30 முதல் 60 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும், ஒரு கைப்பிடிதான். 875 லோடுக்கும் சேர்த்தே 25 கிலோ மூட்டை இரண்டும் கொஞ்சமும். வாந்திபேதிக்கும் திருவிழாவுக்கும் நடுவே நிற்பது அந்த இரண்டு மூட்டையும், ஒவ்வொரு தொட்டியிலும் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்க ஒரு ஆளும்தான்.

குழாய்க்கும் அளவு உண்டு. ஸ்பியர் கையேட்டில் 250 பேருக்கு ஒரு குழாய். ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேர் என்றால் 400 குழாய். பத்துப் பத்தாகப் பிரித்தால் 40 இடம், 350 மீட்டருக்கு ஒன்று. பெரியம்மா மாதிரி ஒருவர் நடந்து ஐந்தாறு நிமிடத்தில் அடுத்த குழாய் கண்ணில் படும். கழிப்பறையும் அதே 40 இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றைப் பார்த்தால் மற்றதும் தெரிய வேண்டும்.

சுத்தம் செய்கிறவர்களை இந்தக் கணக்கில் விட்டுவிட மனம் வரவில்லை. பத்து அறைக்கு ஒருவர் என்றால் 625 அறைக்கு ஒரு வேளைக்கு 63 பேர், மூன்று வேளைக்கு 189 பேர். அவர்களுக்குக் கையுறை, காலணி, சோறு, படுக்க இடம், கூடுதல் கூலி. தொட்டியைச் சுத்தம் செய்வது இயந்திரமாக இருக்க வேண்டும்; பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. திருவிழா அவசரம் என்று அதில் விலக்குக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

சோற்றுக்கு வருகிறேன். திருவண்ணாமலையில் யாரும் பசியோடு திரும்புவதில்லை. கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பாதையில் வெளியூர்க்காரர்கள் வேனில் அண்டாவோடு வந்து கொடுக்கிறார்கள். திருவிழாவில் அன்னதானம் செய்ய உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், குறித்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும், நெகிழித் தட்டு கூடாது. இந்த விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது கடிகாரம். சூடாகக் கொடுக்கும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். இறங்கினால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். ஒரு முறை இரவு பத்து மணிக்கு ஒரு வேனில் சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கினேன். பிரித்தால் சோறு நீர் கோத்து, ஓரத்தில் மெல்லிய நூல் இழுத்தது. கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார். மதியம் பன்னிரண்டுக்கே கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பியதாகச் சொன்னார். பத்து மணி நேரம். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் நச்சை மறுபடி சூடாக்கினாலும் போக்க முடியாது. ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் ஒரு லட்சம் பேருக்கு 10 டன். அவ்வளவு புண்ணியம் ஒரு வெப்பமானி இல்லாததால் வயிற்றுப்போக்காக மாறக் கூடாது. அண்டாவில் சாக்பீஸால் சமைத்த நேரத்தை எழுதச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு சின்னக் கணக்கு. நடையில் கரைந்தது 600 கலோரி. ஒரு தொன்னைச் சர்க்கரைப் பொங்கல் ஏறத்தாழ 300. இரண்டு தொன்னையில் மலை சுற்றிய வரவு தீர்ந்துவிடும். 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 160 கலோரிக்குப் பக்கம், புரதம் 8 கிராம். சாமிக்கும் சுண்டல் பிடிக்கும்.

பாதம். மலையை வெறுங்காலில்தான் சுற்றுகிறோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. ஒரு லட்சம் பேர் நடந்தால் 11,400 பேர். அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெயில் காலப் பிற்பகலில் தார்ச் சாலை 60 டிகிரியைத் தொடும். உணர்ச்சியுள்ள கால் துள்ளி ஓரம் போகும், உணர்ச்சியில்லாத கால் அங்கேயே நிற்கும். கொப்புளம் தெரிவது மறுநாள். அது புண்ணாகி விரலை எடுக்கும் வரை போன கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அரசிடம் 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமே இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி உண்டா என்று பார்க்க 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழை போதும், இரண்டு மூன்று நிமிட வேலை. ஈசான்ய லிங்கத்துப் பக்கம் ஒரு பெஞ்சு, ஒரு வாளித் தண்ணீர், உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி, ஒரு செவிலியர். இதற்குக் கோடிகள் வேண்டாம். பகலில் நடப்பவருக்கு நடைபாதையில் வெள்ளைப் பூச்சும் தென்னை நார் விரிப்பும் வேண்டும்.

இதயத்துக்கும் தயாராக ஒரு கணக்கு இருக்கிறது. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் வரை உயிரைப் பிடித்து வைக்க. தீபத்தன்று ஆம்புலன்ஸ் கூட்டத்தைக் கடந்து வருவதற்குள் நேரம் போய்விடும். எட்டு லிங்கத்திலும் ஆளுக்கு 14 வீதம் நூறு பேருக்கு வைத்தால் 11,200 மாத்திரை, அதைக் கொடுக்கத் தெரிந்த மருத்துவர் எட்டு இடத்திலும். சபரிமலை ஏற்றத்தில் வழி நெடுக அவசர சிகிச்சை மையங்களும் ஆக்சிஜன் பார்லர்களும் இருக்கின்றன, குடிக்கச் சுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். நம் பாதை அவ்வளவு செங்குத்து இல்லை, ஆனால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீளம்.

வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளும் காலம் போய்விட்டது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்க வந்த கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் ஹஜ் பயணத்தில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு சொன்னது. மெக்காவில் அப்போது வெப்பம் 51.8 டிகிரி. அந்த அக்டோபர் மாதமே தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 20.5 கிராம் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் மயங்கி விழ இருந்தவர் எழுந்து நடப்பார். நூறில் இரண்டு பேருக்குத் தேவைப்பட்டாலும் லட்சத்துக்கு 2,000 பொட்டலம், 41 கிலோ. இரண்டு பேர் தூக்கி வந்துவிடலாம்.

கடைசியாக இடைவெளி. இதுதான் மற்ற எல்லாக் கணக்கையும் மாற்றக்கூடியது.

2024 டிசம்பர் 1ஆம் தேதி பெஞ்சல் புயல் மழையில் இதே அண்ணாமலையின் சரிவு இடிந்து ஊரின் வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 13, தீபம். அந்த ஆண்டு மலையேறப் பக்தர்களை விடவில்லை. அதற்கு முன்பும் அனுமதிச் சீட்டு கொடுத்து 2,500 பேரைத்தான் விட்டார்கள். அதாவது மலைக்கு ஓர் அளவு உண்டு என்று ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. சபரிமலையில் 2024-25 பருவத்தில் ஒரு நாளைக்கு 80,000 பேர் என்று வைத்தார்கள். கிரிவலப் பாதைக்கும் ஓர் அளவு இருக்கத்தானே வேண்டும்?

பாதையின் அகலம் சராசரியாக 10 மீட்டர் நடக்கக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 14,000 மீட்டர் நீளத்துக்கு 1,40,000 சதுர மீட்டர். கையை வீசி நடக்க ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் வேண்டும். ஒரே நேரத்தில் 1.4 லட்சம், ஒரு நாளைக்கு ஆறு சுற்றில் 8.4 லட்சம். 35 லட்சம் பேர் இரண்டு நாளில் வந்தால் சதுர மீட்டருக்கு இரண்டு பேர். சராசரிதான் இரண்டு. தீபம் தெரிந்த மறு நிமிடமே எல்லாரும் கிளம்புகிறார்கள், சில இடத்தில் அது நான்காகும், ஐந்தாகும். நான்கைத் தாண்டினால் நடப்பது நம் கால் இல்லை, கூட்டம் நம்மை நகர்த்துகிறது. 2024இல் ஏறத்தாழ 14,000 போலீசார் நின்றது அந்த நெரிசலுக்காகத்தான்.

ஆனால் தீபம் 11 நாள் எரிகிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். முதல் நாள் ஒளிக்கும் ஆறாம் நாள் ஒளிக்கும் எந்தப் பெரியவரும் பேதம் சொன்னதில்லை. கொப்பரை அதே, நெய் அதே. 35 லட்சத்தை 11ஆல் வகுத்தால் நாளைக்கு 3,18,000. ஒரு சுற்றுக்கு 53,000 பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டரைச் சதுர மீட்டருக்கு மேல் இடம். பெண்களுக்குத் தேவையான கழிப்பறை 1,823லிருந்து 331 ஆகிறது, கிலோமீட்டருக்கு 24. செலவு 27 கோடியிலிருந்து 5 கோடிக்கு இறங்குகிறது. முன்பு சொன்ன 7 கோடி பாட்டில் காசில் 2 கோடி மீதி. தண்ணீர் நாளொன்றுக்கு 9.5 லட்சம் லிட்டர், 80 லாரி. இந்த 331ஐ நிரந்தரமாகவே கட்டிவிடலாம். மாதம் தவறாமல் வரும் பௌர்ணமிக்கும், மற்ற நாளில் நடப்பவருக்கும் அதுவே ஆகும்.

கூட்டம் தானாகப் பிரியாது. எல்லாச் சிறப்புப் பேருந்தையும் ரயிலையும் அந்த இரண்டு நாளில் குவிக்காமல் 11 நாளுக்கும் பங்கிட வேண்டும். 2024 மே 2 முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்குத் தினமும் ரயில் வருகிறது. அப்போது கட்டணம் 50 ரூபாய். தொடங்கியபோது நள்ளிரவில் வந்து சேர்ந்து விடியற்காலை நான்கு மணிக்குத் திரும்பும்படி நேரம் வைத்தார்கள். நான்கு மணி நேரம், சரியாக ஒரு சுற்று. கோயில் அழைப்பிதழிலும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பிலும் "தீப தரிசனம் 11 நாள்" என்று பெரிய எழுத்தில் போடட்டும். முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள் மூன்றாம் நாளுக்குப் பிறகு வாருங்கள் என்று உரிமையோடு சொல்லட்டும். சொன்னால் கேட்பார்கள். பெரியம்மா கேட்டார்.

பிறகு வந்த கார்த்திகையில், தீபம் ஏற்றிய ஆறாம் நாள் அவரை அழைத்துக்கொண்டு போனேன். செருப்பில்லாமல்தான். முந்தின வாரம் பாதத்தைக் காட்டிச் சோதித்துக்கொண்டு வந்திருந்தார். பாதையில் ஆள் இருந்தார்கள், தள்ளல் இல்லை. யம லிங்கம் தாண்டி மரத்தடியில் உட்கார்ந்தோம். மேலே சிறு பொட்டாகத் தீபம். கழிப்பறையில் எங்களுக்கு முன்னால் நின்றது ஒரே ஒரு பெண். உள்ளே தண்ணீர் வந்தது, தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மோர்ப் பந்தலில் அவராகவே போய் நின்று இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். ஆதி அண்ணாமலைக் கோயிலுக்குள் கும்பிட்டுவிட்டு வரும்போது பையைத் தடவினார்.

"இன்னும் தண்ணி இருக்கா கண்ணு?"